விமான நிறுவனம் மூடிவிட்டால் டிக்கெட் பணம் என்ன ஆகும்?

கேட்டவரின் நிலைமை இது. நாலு மாதம் கழித்துப் பறப்பதற்கு இரண்டு பேருக்குப் போக வர டிக்கெட் எடுத்து, பணம் முழுதும் கட்டியாகிவிட்டது. இப்போது பார்த்தால் அந்த விமான நிறுவனம் கடனில் தள்ளாடுகிறது, ஊழியர்களுக்குச் சம்பளம் பாக்கி, பாதி விமானங்கள் தரையில் நிற்கின்றன என்று நாளுக்கொரு செய்தி. மூடிவிட்டால் பணம் திரும்ப வருமா, அதற்கு முன்பே நாமே ரத்து செய்துவிடலாமா என்பது கேள்வி.

ரத்து பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பதற்றத்தில் பலரும் முதலில் கை வைப்பது அதில்தான். கார்டில் பணம் கட்டியிருந்தால் நீங்களாக ரத்து செய்யாதீர்கள். மலிவு விலை டிக்கெட்டாக இருந்தால் ரத்து செய்து கிடைப்பது பெரும்பாலும் வரித்தொகை மட்டும்தான். அதையும் தர வேண்டியது அதே தள்ளாடும் நிறுவனம். ரீஃபண்ட் வரும் முன்பே அது மூடிவிட்டால் நீங்களும் அதனிடம் பாக்கி வர வேண்டியவர்களின் வரிசையில் நிற்க வேண்டும். இதைவிடப் பெரிய நஷ்டம் வேறு ஒன்று. ‘காசு வாங்கினார்கள், விமானம் விடவில்லை’ என்பதுதான் வங்கியிடம் உங்களுக்கு இருக்கும் வலுவான வாதம். பயணம் வேண்டாம் என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் அந்த வாதம் போய்விடும். அப்புறம் ‘தருவதாகச் சொன்ன ரீஃபண்டைத் தரவில்லை’ என்று மட்டுமே கேட்கலாம், அதுவும் அவர்கள் தருவதாகச் சொன்ன தொகைக்கு மட்டும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. டிக்கெட் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும் வகை, ஆனால் கட்டியது வங்கிக் கணக்கிலிருந்து நேரடிப் பரிமாற்றமாக என்றால், இன்றைக்கே ரத்து செய்து பணத்தைக் கேளுங்கள். உங்களுக்குப் பின்னால் நிற்க வேறு யாரும் இல்லை.

ஒரு வங்கியின் கார்டு பிரிவில், தகராறு மனுக்களைப் பார்க்கும் மேசையில் ஒன்பது வருடம் இருந்தவன் நான். ஒரு விமான நிறுவனம் மூடினால் மறுநாளே எங்கள் மேசையில் மனுக்கள் குவியும். ஒரே விமானத்தில், ஒரே வரிசையில் பறக்க வேண்டிய இரண்டு பேரில் ஒருவருக்கு ஆறு வாரத்தில் முழுப் பணமும் வந்துவிடும், மற்றவருக்கு ஒரு பைசா வராது. இருவரின் டிக்கெட்டும் ஒன்றுதான். பணம் கட்டிய வழிதான் வேறு. நிறுவனம் கவிழ்ந்த அன்று என்ன செய்தோம் என்பதைவிட, டிக்கெட் எடுத்த அன்று யாரிடம், எதைக் கொண்டு கட்டினோம் என்பதில்தான் பாதிக்கு மேல் முடிவாகிவிடுகிறது.

முன்கூட்டி எடுத்த டிக்கெட் என்பது அந்த நிறுவனத்துக்கு நீங்கள் கொடுத்த கைமாற்று. வட்டி இல்லை, அடமானம் இல்லை. அந்தப் பணம் உங்கள் பயணநாள் வரை தனிக் கணக்கில் பத்திரமாக இருப்பதில்லை. அது இன்றைய எரிபொருளுக்கும், இந்த மாதச் சம்பளத்துக்கும், விமானக் குத்தகைக்கும் போய்விடுகிறது. நாளைக்கு உங்களைப் பறக்கவைக்க, நாளைக்கு வேறு யாராவது டிக்கெட் எடுக்க வேண்டும். ஐரோப்பாவில் விமான நிறுவனங்கள் மூடிய தேதிகளைப் பார்த்தால் இது புரியும்: மோனார்க் 2017 அக்டோபர் 2, பிரைமேரா ஏர் 2018 அக்டோபர் தொடக்கம், தாமஸ் குக் 2019 செப்டம்பர் 23, அதே மாதத்தில் பிரான்சின் எக்ல் அசூர், ஸ்லோவேனியாவின் அட்ரியா. கோடை விடுமுறைக் கூட்டம் முடிந்து, கல்லாவுக்குப் புதுப் பணம் வருவது குறையும் நேரம் அது. ஒரு நிறுவனம் பலவீனமாக இருந்தால் இலையுதிர்காலத்தைத் தாண்டுவதுதான் கஷ்டம்.

சரி, கார்டில் கட்டினால் மட்டும் ஏன் கதை மாறுகிறது? இடையில் இரண்டு வங்கிகள் இருப்பதால். ஒன்று உங்களுக்குக் கார்டு கொடுத்த வங்கி. இன்னொன்று விமான நிறுவனத்தின் சார்பில் கார்டுப் பணத்தை வசூலித்துத் தரும் வங்கி. சேவை கிடைக்கவில்லை என்று நீங்கள் உங்கள் வங்கியிடம் மனு கொடுத்தால், அது அந்தப் பணத்தை எதிர்ப்பக்க வங்கியிடமிருந்து திரும்ப எடுக்கும். இதற்குப் பெயர் சார்ஜ்பேக். எதிர்ப்பக்க வங்கி அதை விமான நிறுவனத்திடம் வாங்கிக்கொள்ள வேண்டும். நிறுவனமே இல்லாமல் போய்விட்டால்? நஷ்டம் அந்த வங்கியின் தலையில். உங்கள் தலையில் இல்லை. விசா, மாஸ்டர்கார்டு இரண்டின் விதிகளும் இப்படித்தான் அமைந்திருக்கின்றன.

அதனால்தான் ஒரு விமான நிறுவனம் ஆட்டம் காண்கிறது என்ற வாசனை முதலில் பிடிபடுவது இந்த வசூல் வங்கிகளுக்கு. அவை டிக்கெட் பணத்தை உடனே கொடுக்காமல் பயணம் முடியும் வரை பிடித்துவைக்கத் தொடங்கும். அமெரிக்காவின் ஃப்ரான்டியர் ஏர்லைன்ஸ் 2008 ஏப்ரலில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனதற்கு உடனடிக் காரணமே, அதன் கார்டு வசூல் நிறுவனம் டிக்கெட் பணத்தில் பெரும்பகுதியை நிறுத்திவைக்கப் போவதாகச் சொன்னதுதான். பயணிக்குப் பாதுகாப்பாக இருக்கும் அதே ஏற்பாடு நிறுவனத்தின் கழுத்தையும் நெரிக்கும். ஃப்ரான்டியர் அதில் பிழைத்து இன்றும் பறக்கிறது என்பது வேறு விஷயம்.

சார்ஜ்பேக்குக்குக் கெடு உண்டு. மனுக்கள் அதிகம் தோற்பது இதில்தான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். பொதுவாக 120 நாள். எந்த நாளிலிருந்து என்பதுதான் முக்கியம். பணம் கட்டிய நாளிலிருந்து என்று பலர் நினைத்து, ஆறு மாதம் முன்பு எடுத்த டிக்கெட்டாயிற்றே, இனி என்ன கேட்பது என்று விட்டுவிடுகிறார்கள். தவறு. நீங்கள் பறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து, அல்லது விமானம் கிடையாது என்று உங்களுக்குத் தெரியவந்த தேதியிலிருந்து கணக்கு. ஆனால் பணம் கட்டிய நாளிலிருந்து மொத்தம் 540 நாளைத் தாண்டக்கூடாது. ஒரு வருடத்துக்கும் மேலாக முன்கூட்டி எடுக்கிறவர்கள் அந்த இரண்டாவது கெடுவையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சில வங்கிகளின் வாடிக்கையாளர் சேவையில் தொலைபேசி எடுப்பவருக்கே இந்த வித்தியாசம் தெரியாது. ‘120 நாள் ஆகிவிட்டது சார்’ என்று வைத்துவிடுவார். விடாதீர்கள், எழுத்தில் கொடுங்கள், தகராறுப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

கெடுவைத் தின்னும் இன்னொன்று நம்பிக்கை. இந்தியாவின் கோ ஃபர்ஸ்ட் 2023 மே 3 அன்று சேவையை நிறுத்தியபோது முதலில் சொன்னது ஓரிரு நாளைக்கு என்றுதான். பிறகு தேதி தள்ளிக்கொண்டே போனது, விமானம் கடைசிவரை பறக்கவில்லை, 2025 ஜனவரியில் கலைப்பு உத்தரவே வந்துவிட்டது. ‘விரைவில் மறுபடி பறப்போம்’ என்ற அறிவிப்பு சார்ஜ்பேக் கடிகாரத்தை நிறுத்தாது. உங்கள் விமானம் ரத்து என்று அறிவிப்பு வந்த வாரத்திலேயே மனுவைக் கொடுத்துவிடுங்கள். பிறகு நிறுவனமே பணம் தந்தால் மனுவைத் திரும்பப் பெற ஒரு கடிதம் போதும்.

டெபிட் கார்டுக்கும் சார்ஜ்பேக் உண்டு, இது பலருக்குத் தெரிவதில்லை. ஆனால் சார்ஜ்பேக் என்பது கார்டு வலையமைப்பின் விதி, நாட்டுச் சட்டம் இல்லை. சட்டமே கை கொடுக்கும் இடமும் உண்டு. பிரிட்டனில் 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு, கிரெடிட் கார்டு கொடுத்த வங்கியையும் விற்றவரோடு சேர்த்துப் பொறுப்பாக்குகிறது. பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேலும் 30,000 பவுண்டுக்கு மிகாமலும் இருக்க வேண்டும். அதில் ஒரு பகுதியை மட்டும் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தாலும் முழுத்தொகைக்கும் வங்கி பொறுப்பு. டிக்கெட் பணத்தோடு நிற்காமல், வேறு விமானத்தில் அதிக விலைக்குப் போக நேர்ந்த கூடுதல் செலவையும் கேட்க இடமுண்டு. சார்ஜ்பேக்கில் அது கிடைக்காது, கட்டிய பணம் மட்டும்தான். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 75ஆம் பிரிவு கிரெடிட் கார்டுக்கு மட்டும், கார்டுக்காரர், வங்கி, விற்றவர் மூவருக்கும் இடையே நேரடித் தொடர்பு இருக்க வேண்டும். நடுவில் ஒரு ஏஜென்ட் பணத்தை வாங்கியிருந்தால் அந்தச் சங்கிலி அறுந்ததாக வங்கி வாதிடலாம்.

இந்த ஏஜென்ட் விஷயம் எல்லா நாட்டிலும் சிக்கல்தான். உங்கள் கார்டு ஸ்டேட்மென்ட்டை எடுத்து, வணிகர் பெயர் என்ன என்று பாருங்கள். இணைய முகவரிடம் எடுத்தாலும் சில சமயம் விமான நிறுவனத்தின் பெயரே வரும். அப்போது மனு நேராக அங்கே போகும். முகவரின் பெயர் வந்திருந்தால் மனு முகவர் மேல்தான் பாயும். ‘டிக்கெட் எடுத்துக் கொடுப்பது என் வேலை, எடுத்துக் கொடுத்தேன், விமானம் விடுவது என் பொறுப்பில்லை’ என்று அவர் பதில் அனுப்ப வாய்ப்பு அதிகம். இந்தப் பதிலோடு திரும்பி வந்த கோப்புகளை நிறையப் பார்த்திருக்கிறேன். சிலவற்றில் ஜெயித்தோம், பலவற்றில் இழுபறி. சில முகவர்கள் நல்லவர்கள், தங்கள் கையிலிருந்து கொடுத்தார்கள். சட்டம் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. முகவரிடம் மிகச் சமீபத்தில் எடுத்திருந்தால் இன்னொரு கேள்வி கேளுங்கள்: பணம் நிறுவனத்துக்குப் போய்விட்டதா? அங்கீகாரம் பெற்ற முகவர்கள் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் அன்றன்றே பணம் அனுப்புவதில்லை. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டாவின் கணக்குத் தீர்வு முறை வழியாகக் குறிப்பிட்ட நாட்களுக்கு ஒருமுறை மொத்தமாகச் செலுத்துகிறார்கள். நிறுவனம் கவிழ்ந்தபோது பணம் இன்னும் நடுவழியில் இருந்தால் அதை மீட்பது கொஞ்சம் எளிது.

பேக்கேஜாக, அதாவது விமானமும் தங்குமிடமும் சேர்த்து ஒரே விலையில், ஒரே ஏற்பாட்டாளரிடம் வாங்கியவர்கள்தான் இந்த விஷயத்தில் அதிர்ஷ்டசாலிகள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015ஆம் ஆண்டு பேக்கேஜ் பயண விதிகளின்படி ஏற்பாட்டாளர் தான் திவாலானாலும் பயணிகளின் பணத்தைத் திருப்பவும், வெளியூரில் இருப்பவர்களைத் திரும்பக் கொண்டுவரவும் முன்கூட்டியே உத்தரவாதம் வைத்திருக்க வேண்டும். ஏற்பாட்டாளர் நன்றாக இருந்து, விமான நிறுவனம் மட்டும் மூடினால் வேறு விமானம் பிடித்துத் தருவது அவர் தலைவலி. முடியாவிட்டால் மொத்தப் பணமும் திரும்ப.

பிரிட்டனில் இதையே ஏடோல் என்கிறார்கள். 1970களின் தொடக்கத்தில் வந்தது. 1974 ஆகஸ்டில் கோர்ட் லைன் என்ற பெரிய நிறுவனம் கவிழ்ந்து பல்லாயிரம் பேர் வெளிநாட்டில் மாட்டிக்கொண்ட பிறகு இதற்கென நிதியும் சேர்ந்தது. இப்போது ஏடோல் பயணம் விற்கும் நிறுவனம் ஒரு பயணிக்கு 2.50 பவுண்டு வீதம் அந்த நிதிக்குக் கட்டுகிறது. தாமஸ் குக் மூடிய இரண்டு வாரத்துக்குள் சுமார் 1,50,000 பேரைச் சிவில் விமான ஆணையம் வாடகை விமானங்களில் திரும்பக் கொண்டுவந்தது. ஆனால் ஏடோல் என்ற பெயரைக் கேட்டு எல்லா டிக்கெட்டுக்கும் அது உண்டு என்று எண்ணிவிடாதீர்கள். விமான நிறுவனத்திடமே நேரடியாக வாங்கிய வெறும் டிக்கெட்டுக்கு அது கிடையாது. ஏடோல் சான்றிதழ் என்று ஒரு தாள் கையில் வந்திருந்தால்தான் உண்டு.

மோனார்க் கவிழ்ந்தபோது 1,10,000 பேர் வெளிநாடுகளில் இருந்தார்கள், அவர்களில் பலரிடம் அந்தச் சான்றிதழ் இல்லை. அப்படியும் பிரிட்டன் அரசு எல்லோரையும் கொண்டுவந்தது. அதைப் பார்த்துவிட்டு, அரசு எப்படியும் கூட்டிவந்துவிடும் என்று ஒரு நினைப்பு பரவியது. 2020 மார்ச்சில் ஃபிளைபீ மூடியபோது அப்படி எந்த மீட்பு விமானமும் வரவில்லை. அரசு மனம் வைப்பதை ஒரு பாதுகாப்புத் திட்டமாகக் கணக்கில் எடுக்க முடியாது.

உத்தரவாதம் என்று காகிதத்தில் இருப்பதும் எப்போதும் முழுதாகக் கிடைத்துவிடாது. ஜெர்மனியில் பேக்கேஜ் பயணங்களுக்கு இருந்த காப்பீட்டில், ஒரு காப்பீட்டு நிறுவனம் ஒரு வருடத்தில் தரும் மொத்தத் தொகைக்கு 110 மில்லியன் யூரோ என்று உச்சவரம்பு வைத்துக்கொள்ள அப்போது இடமிருந்தது. தாமஸ் குக்கின் ஜெர்மன் கிளை விழுந்தபோது அந்தத் தொகை யாருக்கும் போதவில்லை. மீதியை ஜெர்மன் அரசு ஏற்றுக்கொண்டது, 2021இல் தனி நிதியம் ஒன்றும் அமைத்தார்கள்.

இந்தியாவில் வெறும் விமான டிக்கெட்டுக்கு ஏடோல் போன்ற நிதி எதுவும் இல்லை. விமான நிறுவனம் சேவையை ரத்து செய்தால் பணம் திருப்ப வேண்டும் என்று சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் விதி இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் நிறுவனத்திடம் அந்த விதி செல்லும். 2016ஆம் ஆண்டு திவால் சட்டத்தின் கீழ் மனு ஏற்கப்பட்டுவிட்டால், பழைய பாக்கிகளை வசூலிக்கும் நடவடிக்கைகள் எல்லாவற்றுக்கும் தடை விழும். அதற்கப்புறம் பயணியின் ரீஃபண்டும் ஒரு பழைய பாக்கிதான்.

இங்கே ‘திவால்’ என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். திவால் மனு கொடுத்த எல்லா நிறுவனமும் மூடுவதில்லை. அமெரிக்கத் திவால் சட்டத்தின் 11ஆம் அத்தியாயம் என்கிற பாதுகாப்புக்குள் யுனைடெட் 2002இல் போனது, டெல்டா 2005இல், அமெரிக்கன் 2011இல். மூன்றும் ஒரு நாளும் பறப்பதை நிறுத்தவில்லை. ஜப்பான் ஏர்லைன்ஸ் 2010இல் அந்நாட்டுச் சட்டத்தின்படி அதையே செய்து மீண்டது. ஸ்காண்டிநேவியாவின் எஸ்ஏஎஸ் 2022இல். செய்தியில் திவால் என்று வந்ததும் டிக்கெட்டைக் கிழித்துப் போட்டவர்கள் அங்கெல்லாம் ஏமாந்தார்கள், அவர்கள் விமானம் நேரத்துக்குக் கிளம்பிப் போனது.

நடுவில் நிற்கிற ஒரு வகைதான் ஆபத்து, அதற்கு ஏர் பெர்லின் நல்ல உதாரணம். 2017 ஆகஸ்ட் 15 அன்று திவால் மனு கொடுத்தது. ஜெர்மன் அரசு கொடுத்த 150 மில்லியன் யூரோ கடனில் இரண்டு மாதம் ஓடி, அக்டோபர் 27 இரவு கடைசி விமானத்தை இறக்கியது. மனு கொடுத்த நாளுக்குப் பிறகு டிக்கெட் எடுத்தவர்களின் பணத்தைத் தனியாகப் பொறுப்புக் கணக்கில் வைத்திருந்தார்கள், அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது. அதற்கு முன்பே எடுத்துவைத்த விசுவாசிகளுக்கு? கடன் கொடுத்தவர் பட்டியலில் பெயர் எழுதிக்கொள்ளுங்கள் என்றார்கள். நிறுவனத்தை நம்பி சீக்கிரம் வாங்கியவருக்கு நாமம், நொடிந்தபின் வாங்கியவருக்குப் பணம். கேட்பதற்கு அநியாயமாக இருக்கும். ஆனால் திவால் சட்டத்தின் பார்வையில் மனு கொடுத்த நாள் ஒரு கோடு. கோட்டுக்கு முந்தைய பாக்கி எல்லாம் ஒரே குவியல்.

அந்தக் குவியலில் பயணியின் இடம் எங்கே? கடைசிக்குப் பக்கத்தில். இந்தியச் சட்டத்தின் 53ஆம் பிரிவை எடுத்துக்கொண்டால், முதலில் திவால் நடவடிக்கைக்கான செலவு. அடுத்து அடமானம் வைத்துக்கொண்டு கடன் கொடுத்த வங்கிகளும் தொழிலாளர்களின் 24 மாதச் சம்பள பாக்கியும். பிறகு மற்ற ஊழியர்கள், அடமானம் இல்லாமல் நிதிக்கடன் கொடுத்தவர்கள், அரசு பாக்கிகள். அதற்கும் கீழே ‘மீதிக் கடன்கள்’ என்று ஒரு வரி இருக்கிறது, டிக்கெட்காரர் அங்கேதான். அவருக்குப் பின்னால் பங்குதாரர்கள் மட்டுமே. பந்தியில் கடைசி இலை வரை எதுவும் வராது என்று சொல்ல முடியாது, ஆனால் வரும் என்று கை கழுவிக்கொண்டு உட்காரவும் முடியாது. ஏனென்றால் விமான நிறுவனத்திடம் விற்கப் பெரிதாகச் சொத்து இருப்பதில்லை, விமானங்களே குத்தகைக்கு வந்தவை. கோ ஃபர்ஸ்ட் விவகாரத்தில் 2024 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம் 54 விமானங்களின் பதிவை நீக்கச் சொன்னது. குத்தகைக்கு விட்டவர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். அப்புறம் மிஞ்சியது என்ன?

காலமும் ஒரு கணக்கு. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 இரவு நின்றது. காப்பாற்ற ஒரு திட்டம் வந்து, இழுத்து, கடைசியில் உச்ச நீதிமன்றம் கலைக்கச் சொல்லி உத்தரவிட்டது 2024 நவம்பர் 7இல். ஐந்தரை வருடம். இருந்தாலும் கோரிக்கைப் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிடுங்கள், அதற்குப் பணம் கேட்க மாட்டார்கள். திவால் அதிகாரியின் பொது அறிவிப்பில் கடைசித் தேதியும் படிவமும் இருக்கும். சார்ஜ்பேக்கில் பணம் வந்துவிட்டால் மட்டும் அதே தொகையை இங்கேயும் கேட்கக்கூடாது.

ஐரோப்பாவில் விமானம் ரத்தானால் 250 முதல் 600 யூரோ வரை இழப்பீடு என்று 261ஆம் எண் விதி இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறது. மூடிய நிறுவனத்திடம் அதைக் கேட்பதும் இதே வரிசையில் இன்னொரு சீட்டு வாங்குவதுதான்.

பயணக் காப்பீடு பற்றி நீட்ட ஒன்றுமில்லை. எல்லாப் பாலிசியும் விமான நிறுவனம் நொடிப்பதைக் காப்பீடு செய்வதில்லை. கால அட்டவணைப்படி பறக்கும் விமான நிறுவனத்தின் தோல்வி அல்லது சேவை தருபவர் திவால் என்ற தலைப்பில் தனியாக ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தாலும், செய்தி வெளியில் வந்த பிறகு வாங்கிய பாலிசி ‘ஏற்கெனவே தெரிந்த நிகழ்வு’ என்று தள்ளப்படும். கேட்டவரின் நிறுவனம் இப்போதே தினமும் செய்தியில் இருப்பதால், இனிமேல் போய் வாங்குவது இந்த விஷயத்துக்கு உதவாது.

பயணத்தின் நடுவில், திரும்பும் விமானம் இல்லாமல் மாட்டிக்கொண்டால் முதல் வேலை பணத்தைப் பற்றி யோசிப்பது இல்லை, இருக்கையைப் பிடிப்பது. ஒரு நிறுவனம் விழுந்ததும் அதே வழித்தடத்தில் பறக்கும் மற்ற நிறுவனங்கள் மாட்டிக்கொண்டவர்களுக்கென்று குறைந்த கட்டணம் அறிவிப்பது உண்டு. மீட்புக் கட்டணம் என்பார்கள். ஐயாட்டா உறுப்பினர்களிடையே இதற்கென்றே தன்னார்வ ஒப்பந்தம் இருக்கிறது. இருக்கை காலியாக இருந்தால்தான், அதுவும் முதல் இரண்டு வாரம் போலத்தான். பழைய டிக்கெட்டையும் பணம் கட்டிய சான்றையும் காட்ட வேண்டும். இது தானாக இணையதளத்தில் விலையாகத் தெரியாது, தொலைபேசியிலோ விமான நிலையக் கவுன்டரிலோ கேட்க வேண்டும். புது டிக்கெட்டின் ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், பிரிட்டிஷ் கிரெடிட் கார்டு என்றால் 75ஆம் பிரிவில் அந்த வித்தியாசம் கேட்கலாம் என்று மேலே சொன்னேன்.

பயணத்தில் இரண்டு நிறுவனங்களின் விமானங்கள் கலந்திருந்தால் மின் டிக்கெட்டின் 13 இலக்க எண்ணை எடுங்கள். முதல் மூன்று இலக்கம் அதை வெளியிட்ட நிறுவனத்தின் குறியீடு. ஏர் இந்தியாவுக்கு 098, பிரிட்டிஷ் ஏர்வேஸுக்கு 125, எமிரேட்ஸுக்கு 176. டிக்கெட்டை வெளியிட்டது நன்றாக இருக்கும் நிறுவனம், நடுவில் ஒரு கட்டம் மட்டும் மூடிய நிறுவனத்துடையது என்றால், வெளியிட்டவரைப் பிடியுங்கள். மாற்று வழியோ பணமோ தர வேண்டியது அவர். தலைகீழாக, டிக்கெட்டை வெளியிட்டது மூடிய நிறுவனம், உங்கள் இருக்கை கூட்டாளி நிறுவனத்தின் விமானத்தில் என்றால் சிக்கல். தனக்கு வர வேண்டிய பணம் வராது என்று தெரிந்ததும் அந்தக் கூட்டாளி உங்களை ஏற்ற மறுக்கலாம். நாலு நாள் முன்பே கேட்டு உறுதி செய்யாமல் விமான நிலையம் போகாதீர்கள். மலிவு விலை நிறுவனங்கள் பலவற்றில் இந்த 13 இலக்க எண்ணே இருக்காது, ஆறெழுத்து பிஎன்ஆர் மட்டும்தான். அங்கே கேட்க இரண்டாவது ஆள் கிடையாது.

வவுச்சர். இதில் நானே சூடு கண்டவன், வங்கியில் இத்தனை கோப்பு பார்த்த பிறகும். ஒரு நிறுவனம், பெயர் வேண்டாம், என் விமானத்தை ரத்து செய்துவிட்டு ‘பணமாக வேண்டுமா, 20 சதவீதம் கூடுதல் மதிப்புள்ள வவுச்சராக வேண்டுமா’ என்று கேட்டது. ஆசை விடவில்லை, வவுச்சர் என்றேன். எட்டு மாதத்தில் நிறுவனம் இல்லை. சார்ஜ்பேக்குக்கும் போக முடியவில்லை, ஏனென்றால் பணத்துக்குப் பதிலாக வேறு ஒன்றை நான் ஒப்புக்கொண்டு வாங்கியிருந்தேன். அந்த 120 சதவீதம் இப்போதும் என் மின்னஞ்சலில் இருக்கிறது. தள்ளாடும் நிறுவனம் வவுச்சருக்குக் கூடுதல் மதிப்பு கொடுக்க முன்வருவதே, கையில் பணம் இல்லை என்று அது சொல்லும் விதம்.

மைல் புள்ளிகளும் பெரும்பாலும் நிறுவனத்தோடு போய்விடும். ஜெட் ஏர்வேஸ் ஒரு விதிவிலக்கு. அதன் புள்ளித் திட்டம் தனி நிறுவனமாக இருந்ததால், விமானங்கள் நின்ற பிறகும் இன்டர்மைல்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டு ஓடியது. உங்கள் நிறுவனத்தில் நிறையப் புள்ளி சேர்ந்திருந்தால், கூட்டாளி விமானத்திலோ தங்குமிடத்திலோ இப்போதே செலவழித்துவிடுங்கள்.

இனி உங்கள் டிக்கெட்டுக்கு வருகிறேன். இன்று இரவே மின் டிக்கெட், ரசீது, உறுதி மின்னஞ்சல் மூன்றையும் உங்கள் சொந்தக் கணினியில் இறக்கி வையுங்கள். நிறுவனம் மூடினால் அதன் இணையதளமும் செயலியும் சில மணி நேரத்தில் மறைந்துவிடலாம், ‘என் முன்பதிவுகள்’ பக்கத்தை அப்புறம் தேட முடியாது. ரத்து அறிவிப்பு வந்தால் அதைப் படமாக எடுத்து வையுங்கள், வங்கி முதலில் கேட்பது அதைத்தான். அவர்களாகவே பயண நேரத்தைப் பெரிதாக மாற்றினாலோ விமானத்தை ரத்து செய்தாலோ பணம் என்று மட்டும் சொல்லுங்கள். இருக்கைத் தேர்வு, கூடுதல் பெட்டி என்று இன்னும் காசு கட்டாதீர்கள். தங்குமிடத்தை ரத்து செய்யக்கூடிய வகையில் வைத்திருங்கள். போயே தீர வேண்டிய பயணம் என்றால், முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும் மாற்று டிக்கெட் ஒன்றை வேறு நிறுவனத்தில் பிடித்து வைப்பது செலவுதான், ஆனால் மூடிய அன்று எல்லோரும் ஓடும்போது விலை எங்கே போகும் என்று பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், யோசித்துப் பாருங்கள்.

நிறுவனம் மூடியதும் ‘ரீஃபண்ட் உதவி மையம்’ என்று அழைப்பும் குறுஞ்செய்தியும் வரும். கார்டு எண், ஓடிபி கேட்பார்கள். கலைப்பு அதிகாரி யாரையும் தொலைபேசியில் அழைத்து ஓடிபி கேட்பதில்லை, உங்கள் வங்கியும் கேட்பதில்லை. கார்டின் பின்பக்கத்தில் அச்சிட்ட எண்ணுக்கு நீங்களே அழையுங்கள்.

நீங்கள் எழுதியதில் ஒன்று தெளிவாக இல்லை: எதில் கட்டினீர்கள், ஸ்டேட்மென்ட்டில் யார் பெயர் வந்திருக்கிறது? கிரெடிட் கார்டு, விமான நிறுவனத்தின் பெயர் என்றால் ரத்து அறிவிப்போ பயணத் தேதியோ வரும்வரை சும்மா இருங்கள். முகவர் பெயர் என்றால், நிறுவனம் நொடித்தால் யார் பொறுப்பு என்று அவரிடம் இப்போதே மின்னஞ்சலில் கேட்டு, பதிலை வாங்கி வையுங்கள்.